இரண்டு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்கள், ஒரே வீட்டு நெட்வொர்க்: சில நாட்களுக்கு ஒருமுறை இணைப்பு மறுக்கப்படுகிறது

வைகைக்கரை

வணக்கம். மூன்று வாரமாக ஒரே சிக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்.

எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் அப்பாவின் பாத்திரக் கடை, மாடியில் நாங்கள். கடைக் கணக்கு முழுவதும் கீழே உள்ள கணினியில் இருக்கிறது. அதில் டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்), போஸ்ட்கிரெஸ் 15 (தரவுத்தள மென்பொருள்). சென்ற ஆண்டு அந்தக் கணினியின் வன்தட்டு ஒரே இரவில் கெட்டுப்போய், மூன்று மாதக் கடன் பேரேடு போய்விட்டது. யார் எவ்வளவு தர வேண்டும் என்று அப்பா நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, நான் உட்கார்ந்து எழுதினேன். சிலர் தாங்களே வந்து பாக்கியைச் சொன்னார்கள். பலர் வரவில்லை.

அதனால்தான் மாடியில் ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினி ஒன்றை வைத்து, அதிலும் போஸ்ட்கிரெஸ் 15 நிறுவி, லாஜிகல் ரெப்ளிகேஷன் (மாற்றங்களை உடனுக்குடன் அனுப்பி நகலெடுக்கும் முறை) மூலம் கடைத் தரவுத்தளத்தின் நகலை வைத்திருக்கிறேன். கடைக் கணினியின் முகவரி 192.168.1.20, பையின் முகவரி 192.168.1.21. இரண்டும் ஒரே ரூட்டரில் இருக்கின்றன.

முதல் பதினொரு நாள் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒருநாள் பையின் பதிவுக் கோப்பில் 'கனெக்ஷன் ரிஃப்யூஸ்டு' என்ற வரி ஐந்து விநாடிக்கு ஒருமுறை வந்துகொண்டே இருந்தது. கடைக் கணினியில் போஸ்ட்கிரெஸை ரீஸ்டார்ட் செய்தால் உடனே சரியாகிவிடுகிறது. சில நாள் கழித்து மறுபடியும் அதே கதை. இதுவரை நான்கு முறை ஆகிவிட்டது.

நான் செய்து பார்த்தவை: பிங் இரு பக்கமும் போகிறது. கடவுச்சொல்லை மாற்றினேன். இரண்டு இயந்திரங்களிலும் ஃபயர்வாலை அணைத்தேன். கடைக் கணினியில் உட்கார்ந்து பார்த்தால் தரவுத்தளம் நன்றாகத் திறக்கிறது, கடை மென்பொருளும் ஓடுகிறது. மாடியிலிருந்து மட்டும்தான் கதவு மூடிக்கொள்கிறது.

மூன்றாம் மாடி

எங்கிருந்து யார் இணையலாம் என்று சொல்லும் பிஜி_ஹெச்பிஏ கோப்பைப் பாருங்கள். தரவுத்தளம் என்ற இடத்தில் 'ஆல்' என்று போட்டிருப்பீர்கள். ரெப்ளிகேஷன் இணைப்புக்கு 'ஆல்' பொருந்தாது. 'ரெப்ளிகேஷன்' என்று தனி வரி வேண்டும். என் வீட்டில் இதே இடத்தில்தான் இரண்டு நாள் போனது.

கம்பிவழி

மூன்றாம் மாடி நண்பர் சொல்வது சர்வர் முழுவதையும் அப்படியே நகலெடுக்கும் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷனுக்குச் சரி. தம்பி வைத்திருப்பது லாஜிகல். அதில் சந்தா பக்கம் (நகலை வாங்கும் பக்கம், இங்கே பை) ஒரு குறிப்பிட்ட தரவுத்தளத்தின் பெயரைச் சொல்லித்தான் இணைகிறது. ஆகவே அந்தத் தரவுத்தளத்தின் பெயரோ 'ஆல்' என்பதோ உள்ள வரிதான் பொருந்தும். 'ரெப்ளிகேஷன்' என்ற சொல் இங்கே பொருந்தவே பொருந்தாது. இதைக் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு.

அதைவிட முக்கியமான ஒன்று. ஹெச்பிஏ வரி தவறாக இருந்தால் பிழைச் செய்தி வேறு. 'இந்த முகவரிக்கு ஹெச்பிஏ கோப்பில் வரி இல்லை' என்று போஸ்ட்கிரெஸே வாய் திறந்து சொல்லும். கடவுச்சொல் தவறானாலும் போஸ்ட்கிரெஸேதான் சொல்லும். இரண்டுமே தரவுத்தளத்தின் வாசல்வரை போனவருக்குக் கிடைக்கிற பதில்கள். 'ரிஃப்யூஸ்டு' என்பது போஸ்ட்கிரெஸ் சொல்வதன்று. அந்த இயந்திரத்தின் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சொல்வது: 'என்னிடம் வந்துவிட்டாய், ஆனால் இந்த முகவரியில் போஸ்ட்கிரெஸின் 5432-ஆம் போர்ட்டில் யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை.'

'டைம்டு அவுட்' என்று வந்திருந்தால் நான் வேறு பக்கம் தேடச் சொல்லியிருப்பேன். அனுப்பியது வழியில் காணாமல் போனால்தான் அது வரும். பெரும்பாலான ஃபயர்வால்கள் சத்தமில்லாமல் விழுங்கிவிடும், அதனால் அவற்றின் அடையாளம் காத்திருப்பு. 'ரிஜெக்ட்' என்று அமைத்த ஃபயர்வால் மட்டும் மறுப்பு அனுப்பும். தம்பி இரண்டையும் அணைத்துப் பார்த்துவிட்டதால் அது இல்லை. தயவுசெய்து ஃபயர்வாலைத் திரும்பப் போட்டுவிடுங்கள். கடன் பேரேடு இருக்கிற இயந்திரம் அது.

அடுத்த முறை சிக்கல் வரும்போது உடனே ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். ரீஸ்டார்ட் செய்த நொடியில் தடயம் அழிந்துவிடுகிறது. முதலில் கடைக் கணினியில் எஸ்எஸ் கட்டளையைப் போட்டு, 5432-இல் எந்தெந்த முகவரிகள் திறந்திருக்கின்றன என்று பாருங்கள். அதை இங்கே எழுதுங்கள்.

தாமிரபரணி

கம்பிவழி ஐயா சொன்னதற்குப் பக்கத்தில் ஒன்று சேர்க்கிறேன். மறுப்பது கடைக் கணினிதானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள், தம்பி.

எங்கள் வீட்டில் ஒருமுறை சர்வரின் முகவரி ரூட்டரிடமிருந்து தானாக வருவதாகவே விட்டிருந்தேன். ஒரு வார விடுமுறைக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போய்த் திரும்பியபோது, அந்த முகவரி பிரிண்டருக்குப் போயிருந்தது. பிங் போட்டால் பதில் வருகிறது. தரவுத்தளம் மட்டும் மறுக்கிறது. பிரிண்டரில் ஏது தரவுத்தளம்! பிங் நன்றாக வருகிறதே என்ற நம்பிக்கையில் மைஎஸ்கியூஎல் (இன்னொரு தரவுத்தள மென்பொருள்) அமைப்பை ஒரு நாள் முழுவதும் கலைத்துப் போட்டேன். முகவரி உயிரோடு இருக்கிறது என்பதை மட்டும்தான் பிங் சொல்லும். அங்கே இருப்பது யார் என்று சொல்லாது.

பையிலிருந்து 'ஐபி நெய்' கட்டளையைப் போட்டால் 192.168.1.20-க்கு எதிரே ஒரு மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) தெரியும். அதைக் கடைக் கணினியின் நெட்வொர்க் கார்டோடு ஒப்பிடுங்கள்.

வைகைக்கரை

நன்றி அக்கா, நன்றி ஐயா. இன்று மாலை மறுபடியும் வந்தது. இம்முறை கையைக் கட்டிக்கொண்டு, சொன்னபடி செய்தேன்.

மேக் முகவரி சரியாக இருக்கிறது. கடைக் கணினியேதான். ரூட்டரில் அந்த மேக்குக்கு 192.168.1.20 என்று முன்பதிவும் செய்திருக்கிறேன்.

எஸ்எஸ் காட்டியது எனக்குப் புரியவில்லை. கணினி தனக்குள்ளேயே பேசிக்கொள்ளும் 127.0.0.1-இல் (லோக்கல்ஹோஸ்ட்) 5432 திறந்திருக்கிறது. ஐபிவி6-இன் உள்முகவரியிலும் திறந்திருக்கிறது. 192.168.1.20 என்ற வரியே இல்லை. ஆனால் அமைப்புக் கோப்பில், எந்த முகவரிகளில் கேட்க வேண்டும் என்று சொல்லும் லிசன்_அட்ரசஸ் என்ற இடத்தில் 'லோக்கல்ஹோஸ்ட், 192.168.1.20' என்று இரண்டையும் தெளிவாக எழுதியிருக்கிறேன். மூன்று முறை சரிபார்த்தேன். தரவுத்தளத்துக்குள் போய் ஷோ கட்டளை போட்டாலும் இரண்டையும் காட்டுகிறது. எழுதியது ஒன்று, நடப்பது ஒன்று. இது எப்படி?

மூன்றாம் மாடி

லிசன்_அட்ரசஸ் மாற்றினால் ரீலோட் (அமைப்பை மட்டும் மறுபடி படிப்பது) போதாது, ரீஸ்டார்ட் வேண்டும். மாற்றிவிட்டு ரீலோட் மட்டும் செய்திருக்கிறீர்களா?

வைகைக்கரை

இல்லை. மாற்றியது ஒரு மாதத்துக்கு முன். அதன் பிறகு பலமுறை ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. ரீஸ்டார்ட் செய்தால்தான் சரியாகவே ஆகிறது.

கம்பிவழி

அருமை. ஏறக்குறைய பிடித்துவிட்டோம். ஷோ கட்டளை காட்டுவது நீங்கள் கேட்டதை. எஸ்எஸ் காட்டுவது கிடைத்ததை. கேட்டது ஏன் கிடைக்கவில்லை என்பது, கடைக் கணினியில் போஸ்ட்கிரெஸ் கடைசியாகத் தொடங்கிய நேரத்துப் பதிவில் இருக்கும். அந்த முதல் பத்து வரிகள் வேண்டும். கணினி எப்போது பூட் ஆனது என்பதும் வேண்டும். இன்று மின்சாரம் போய்வந்ததா?

வைகைக்கரை

போனது, ஆனால் அதற்கும் இதற்கும் தொடர்பில்லை ஐயா. நானும் முதலில் அதைத்தான் சந்தேகித்தேன். மின்சாரம் போனது 3.40-க்கு. பையின் பதிவில் முதல் பிழை 3.21-க்கே வந்திருக்கிறது. பத்தொன்பது நிமிடம் முன்னதாக. போன முறையும் இப்படித்தான், மின்வெட்டுக்குக் கால் மணி நேரம் முன்பே பிழை தொடங்கிவிட்டது.

கடைக் கணினியின் தொடக்கப் பதிவை இப்போதுதான் பார்க்கிறேன். அது எழுந்தது 4.06-க்கு. மின்சாரம் வந்ததும் தானே எழும்படி பயாஸில் வைத்திருக்கிறேன். போஸ்ட்கிரெஸ் பதிவில், 192.168.1.20-ஐப் பிணைக்க முடியவில்லை, 'கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஓர் எச்சரிக்கை. பிறகு, 'இணைப்புகளை ஏற்கத் தயார்' என்று வழக்கமான வரி. நான் இதுவரை அந்தக் கடைசி வரியை மட்டுமே பார்த்துவந்திருக்கிறேன்.

கம்பிவழி

அந்த 3.21-ஐ நம்பாதீர்கள், தம்பி. ராஸ்பெர்ரி பை 4-இல் மின்சாரம் இல்லாதபோதும் நேரத்தைக் காத்து வைக்கும் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. திடீரென மின்சாரம் போனால், தான் கடைசியாகக் குறித்து வைத்திருந்த நேரத்திலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். இணையம் வந்து, நேர சர்வரைப் பார்த்த பிறகே திருந்தும். உங்கள் பதிவில் 3.21, 3.22 என்று போய்க்கொண்டிருந்த நேரம் திடீரென 4 மணிக்கு மேல் குதித்திருக்க வேண்டும். பாருங்கள். அந்த 3.21 மின்சாரம் திரும்பி வந்த பிறகான 3.21.

இன்னொன்றும் கேட்கிறேன். அந்த முதல் சில நிமிடங்களில் பிழைச் செய்தி ஒரே மாதிரி இருந்ததா, மாறியதா?

வைகைக்கரை

ஐயா, அப்படியே இருக்கிறது. 3.24-க்கு அடுத்த வரி 4.09. இதை எப்படிக் கவனிக்காமல் போனேன் என்று தெரியவில்லை.

செய்தி மாறியிருக்கிறது. முதலில் 'நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்'. பிறகு சில வரிகள் 'நோ ரூட் டு ஹோஸ்ட்'. அதன் பிறகுதான் 'ரிஃப்யூஸ்டு', அது கடைசிவரை.

கம்பிவழி

அந்த மூன்று செய்திகளையும் வரிசையாகப் படித்தால் நடந்தது முழுவதும் தெரிகிறது.

மின்சாரம் வந்ததும் ரூட்டர், பை, கடைக் கணினி மூன்றும் ஒரே நேரத்தில் எழுகின்றன. மூன்றில் ரூட்டர்தான் மெதுவானது. தயாராக ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். அதுவரை பைக்கு முகவரியே இல்லை: 'நெட்வொர்க் அன்ரீச்சபிள்'. பைக்கு முகவரி கிடைத்தது, கடைக் கணினி இன்னும் அந்த முகவரிக்குப் பதில் சொல்லவில்லை: 'நோ ரூட்'. கடைக் கணினிக்கும் முகவரி கிடைத்தது, ஆனால் கதவு மூடியிருக்கிறது: 'ரிஃப்யூஸ்டு'.

கதவு ஏன் மூடியிருக்கிறது? உங்கள் கடைக் கணினியில் வேகமான எஸ்எஸ்டி வட்டு இருக்கும் என்று நினைக்கிறேன். சில விநாடிகளில் போஸ்ட்கிரெஸ் எழுந்துவிடுகிறது. எழும்போது 192.168.1.20-இல் காது வைக்கப் பார்க்கிறது. அந்த நேரத்தில் இந்தக் கணினிக்கு அப்படி ஒரு முகவரியே கிடையாது, ரூட்டர் இன்னும் தரவில்லை. கெர்னல் 'இல்லாத முகவரியில் எப்படி உட்காருவாய்' என்று மறுக்கிறது. லோக்கல்ஹோஸ்ட் மட்டும் கிடைக்கிறது. ஒரு முகவரியாவது கிடைத்தால் போஸ்ட்கிரெஸ் எச்சரிக்கையை எழுதிவிட்டு வேலையைத் தொடங்கிவிடும். எதுவுமே கிடைக்காவிட்டால்தான் நிற்கும். தொடங்கிய பிறகு, முகவரி வந்துவிட்டதா என்று அது திரும்பிப் பார்ப்பதே இல்லை. இரண்டு நிமிடம் கழித்து முகவரி வருகிறது, பிங் வேலை செய்கிறது, கடை மென்பொருள் லோக்கல்ஹோஸ்ட் வழியாக ஓடுகிறது. மாடிக்கு மட்டும் வழியில்லை. நீங்கள் ரீஸ்டார்ட் செய்யும் நேரத்தில் முகவரி இருக்கிறது, ஆகவே சரியாகிவிடுகிறது.

முதல் பதினொரு நாள் உங்கள் தெருவில் மின்சாரம் போகவில்லை. அவ்வளவுதான்.

தாமிரபரணி

ரூட்டருக்கு மட்டும் ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் வைத்துவிட்டால் போதுமே. எங்கள் வீட்டில் வைத்திருக்கிறோம்.

கம்பிவழி

வையுங்கள், நல்லதுதான். ஆனால் அதைத் தீர்வாக எண்ண வேண்டாம். யுபிஎஸ் பேட்டரி தேய்ந்துபோன பிறகு வருகிற முதல் நீண்ட மின்வெட்டில் இதே பிழை திரும்பி வரும். அப்போது இந்தக் காரணம் நினைவில் இருக்காது.

சரியான இடத்தில் திருத்த இரண்டு வழிகள். ஒன்று, நெட்வொர்க் தயாரான பிறகே போஸ்ட்கிரெஸ் தொடங்க வேண்டும் என்று சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி-யில் சொல்வது. நெட்வொர்க்-ஆன்லைன் இலக்குக்குப் பின் என்று 'ஆஃப்டர்', 'வாண்ட்ஸ்' இரண்டையும் சேர்க்க வேண்டும். டெபியனில் அதைச் சேர்க்க வேண்டிய சர்வீஸின் பெயர் 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்@15-மெயின்'. '@' இல்லாதது வெறும் கூடு, அதைத் திருத்திப் பயனில்லை. இந்த வழியில் ஒரு குறை உண்டு: அந்தக் காத்திருப்புக்கு ஓர் எல்லை இருக்கிறது. ரூட்டர் அதைவிடத் தாமதித்தால் போஸ்ட்கிரெஸ் பழையபடியே தொடங்கிவிடும். அதோடு, ரூட்டர் கெட்டுப்போன நாளில் கடை திறக்கும் நேரத்தில் தரவுத்தளம் வீணாகக் காத்திருக்கும்.

இரண்டாவது, லிசன்_அட்ரசஸ் இடத்தில் குறிப்பிட்ட முகவரியை எழுதாமல் '0.0.0.0' என்று எழுதுவது. எல்லா ஐபிவி4 முகவரிகளிலும் கேட்பேன் என்று பொருள். முகவரி எப்போது வந்தாலும், பிறகு மாறினாலும், கதவு திறந்தே இருக்கும். நான் இதைத்தான் பரிந்துரைக்கிறேன்.

மூன்றாம் மாடி

இதை என்னால் ஏற்க முடியவில்லை. கடன் பேரேடு இருக்கிற தரவுத்தளத்தை எல்லா முகவரிகளிலும் திறந்து வைப்பதா? முகவரியைக் குறிப்பிட்டு எழுதுவது ஒரு பாதுகாப்பு. அதை வசதிக்காகக் கைவிடக் கூடாது. நான் முதல் வழியையே எடுப்பேன்.

கம்பிவழி

உங்கள் கவலை நியாயமானது. அதனால்தான் '*' என்று எழுதச் சொல்லவில்லை. அது ஐபிவி6-ஐயும் சேர்த்துத் திறக்கும். இப்போது பல வீட்டு இணைப்புகளில் ஒவ்வொரு கணினிக்கும் வெளியுலகிலிருந்து நேரே எட்டக்கூடிய ஐபிவி6 முகவரி கிடைக்கிறது. ரூட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் எப்படி இருக்கிறது என்று நாம் யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் இந்தக் கணினிக்கு லோக்கல்ஹோஸ்ட்டைத் தவிர இருப்பது ஒரே ஒரு ஐபிவி4 முகவரி. '0.0.0.0' என்பதும் 'லோக்கல்ஹோஸ்ட், 192.168.1.20' என்பதும் நடைமுறையில் அதே கதவுதான். யார் உள்ளே வரலாம் என்பதை முடிவு செய்ய வேண்டிய இடங்கள் இரண்டு. ஹெச்பிஏ கோப்பில் 192.168.1.21/32 என்ற ஒற்றை முகவரி, ஒரே தரவுத்தளம், ஒரே பயனர், ஸ்க்ராம்-எஸ்ஹெச்ஏ-256 கடவுச்சொல் முறை. யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 192.168.1.21-இலிருந்து 5432-க்கு மட்டும் அனுமதி. ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து உள்ளே வழிவிடுவது) கூடவே கூடாது. ஒரே கணினியில் தனி நெட்வொர்க்குகளை உருவாக்கும் டாக்கர் கண்டெய்னர்களோ இரண்டாவது நெட்வொர்க் கார்டோ இருந்தால் உங்கள் பக்கம் சாய்ந்துவிடுவேன்.

மூன்றாம் மாடி

ஹெச்பிஏவும் ஃபயர்வாலும் முகவரியைக் குறிப்பிட்டு இருக்குமானால் சரி. டாக்கர் இல்லை என்பதை மட்டும் வைகைக்கரை உறுதி செய்யட்டும்.

தாமிரபரணி

மைஎஸ்கியூஎல் வைத்திருப்பவர்கள் இந்த இழையைத் தேடி வந்தால் அவர்களுக்காக: அங்கே அமைப்பின் பெயர் பைண்ட்-அட்ரஸ், போர்ட் 3306. இதே கதை அங்கேயும் நடக்கும், ஆனால் குறித்த ஒரே முகவரி கிடைக்காவிட்டால் சர்வரே தொடங்காது, அதனால் உடனே தெரிந்துவிடும். டேட்டா அடைவை அப்படியே இரண்டாவது இயந்திரத்துக்கு நகலெடுத்தால் ஆட்டோ.சிஎன்எஃப் கோப்பில் உள்ள, சர்வரின் அடையாளமான யுயுஐடியும் சேர்ந்து போய்விடும். இரண்டு சர்வர்களுக்கும் ஒரே அடையாளம் என்று ரெப்ளிகேஷன் மறுக்கும். நகலில் அந்தக் கோப்பை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் புதிதாக ஒன்று உருவாகும். சர்வர்_ஐடி எண்ணும் இரண்டிலும் வேறுவேறாக இருக்க வேண்டும்.

வைகைக்கரை

டாக்கர் இல்லை. '0.0.0.0' என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்துவிட்டேன். ஹெச்பிஏவும் ஃபயர்வாலும் ஐயா சொன்னபடி. பை உடனே இணைந்து, விட்டுப்போனதையெல்லாம் பிடித்துக்கொண்டது.

ஒரு சந்தேகம். இணைப்பு இல்லாமல் இருந்த நாட்களில் கடைக் கணினியின் வட்டில் இடம் குறைந்துகொண்டே வந்தது. இணைந்த கொஞ்ச நேரத்தில் இடம் திரும்பி வந்துவிட்டது. இது ஏன்?

கம்பிவழி

நீங்கள் கேட்டது நல்லதாயிற்று, நானே சொல்லியிருக்க வேண்டும். சந்தா உருவாக்கும்போது கடைப் பக்கம் ஒரு ரெப்ளிகேஷன் ஸ்லாட் உருவாகிறது. 'மாடி இதுவரை வாங்கிக்கொண்டது, இதற்கு மேல் இன்னும் தரவில்லை' என்று குறித்து வைத்து, தராத வால் (WAL, மாற்றங்களைப் பதியும்) கோப்புகளை அழிக்காமல் காத்திருக்கும். உங்களுக்கு ஒரு வரிகூட விட்டுப்போகாதது அதனால்தான். ஆனால் பை ஒருநாள் செத்துப்போய் யாரும் கவனிக்காவிட்டால், அந்தக் கோப்புகள் வட்டு நிரம்பும்வரை குவியும். நிரம்பினால் நிற்பது கடை. நகலுக்காக மூலத்தை இழப்பது எவ்வளவு பெரிய கொடுமை!

பதிப்பு 13 முதல் மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் என்று ஓர் எல்லை உண்டு. இயல்பாக அதற்கு எல்லையே இல்லை. உங்கள் வட்டில் இருக்கும் இடத்தைப் பார்த்து ஓர் அளவு வையுங்கள். எல்லை தாண்டினால் ஸ்லாட் செல்லாததாகிவிடும், சந்தாவை அழித்து முதலிலிருந்து நகலெடுக்க வேண்டிவரும். அது அரை மணி நேர வேலை.

கடைசியாக ஒன்று. சென்ற ஆண்டு நடந்ததை நீங்கள் எழுதியதால் இதைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. மாடியில் இருப்பது நகல், அது பேக்கப் ஆகாது. கடையில் தவறுதலாக ஒரு மாதக் கணக்கை அழித்தால், அடுத்த விநாடியே மாடியிலும் அழிந்துவிடும். அட்டவணையில் நீங்கள் சேர்க்கும் புதிய பத்தி தானாக மாடிக்குப் போகாது. இரண்டு பக்கமும் நீங்களே சேர்க்காவிட்டால் நகலெடுப்பு நின்றுவிடும். பில் எண்களைத் தரும் சீக்வென்ஸின் நடப்பு எண்ணும் போகாது. மாடியை வைத்துக் கடையைத் திறக்க நேர்ந்தால் பில் எண் பழையதிலிருந்து தொடங்க முயலும். ஆகவே இரவில் ஒருமுறை கடைக் கணினியிலிருந்து பிஜி_டம்ப் (தரவுத்தளத்தின் முழுப் பிரதி) எடுத்து, தேதியிட்டு, பையில் வையுங்கள். மாதத்துக்கு ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே போகட்டும்.

வைகைக்கரை

ஐயா, அக்கா, நண்பரே, மூவருக்கும் நன்றி.

இன்று ஞாயிறு, கடை விடுமுறை. அப்பாவிடம் சொல்லிவிட்டு, கடை மென்பொருளை மூடி, மெயின் ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். ரூட்டர் எழுந்து இரண்டு நிமிடத்தில் பை தானாக இணைந்தது. இரண்டாம் முறை ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கி வைத்து, கடைக் கணினி எழுந்து பத்து நிமிடம் கழித்துச் செருகினேன். அப்போதும் இணைந்தது. எஸ்எஸ் காட்டியது 0.0.0.0:5432. ஸ்லாட்டுக்கு 20 ஜிபி எல்லை வைத்தேன்.

இரவு டம்ப் எடுக்கவும் வரி சேர்த்தாயிற்று. முதல் கோப்பைப் பையில் வேறொரு பெயரில் தரவுத்தளம் உருவாக்கி மீட்டுப் பார்த்தேன். கடன் பேரேட்டில் கீழே 8,214 வரிகள், மீட்டதிலும் 8,214 வரிகள். அப்பா தனக்குத் தெரிந்த மூன்று பெயர்களைச் சொல்லித் தேடச் சொன்னார். மூன்று பேரின் பாக்கியும் சரியாக இருந்தது.